பெரிய வீட்டு ஜீப்

அத்தியாயம் 11

ரெத்தினம் ஒரு வாரமாகத் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு திரிந்ததற்கான காரணம் இன்று காலையில்தான் செவ்வந்திக்குத் தெரிந்தது.

நாகப்பட்டினத்தில் அப்துல் ஜலீல் பாயின் பட்டறையில் அவன் மெக்கானிக். கல்யாணமாகி மூன்று வருஷம். செவ்வந்தியின் அம்மா கண்ணை மூடியபிறகு, கால் ஊனமான மைத்துனனைத் தனியாக விட மனமில்லாமல், நாகையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு இந்த ஊருக்கே வந்துவிட்டவன். அப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தெருவே சொன்னது.

"இனிமே நான் எவன்கிட்டயும் கை கட்டி நிக்கவேண்டியதில்லை, பாரு" என்று ராத்திரிகளில் சொல்லிக்கொண்டிருந்தான். எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்லவில்லை. குடியிருப்பு மனைக்குப் பட்டா கைக்கு வந்திருந்த நேரம். கீற்றைப் பிரித்துவிட்டு ஓடு போடப்போகிறான் என்று செவ்வந்தி நினைத்திருந்தாள்.

காலையில் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஹாரன் கேட்டது.

தெருவில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. தொண்டை கட்டிய எருமை கத்துவதுபோல இருக்கும். செவ்வந்தியின் கால்கள் அவளைக் கேட்காமலே பம்பை விட்டு ஓரத்துக்குப் போயின. பக்கத்தில் குடத்தோடு நின்ற பெண்களும் ஒதுங்கினார்கள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

மிராசுதார் பஞ்சநதத்தின் ஜீப். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் பழைய பட்டாளத்து வண்டி. பச்சைமேல் அடித்த நீலச் சாயம் உரிந்து, நீலத்துக்கடியில் பச்சை எட்டிப் பார்த்தது. மேலே கிழிசல் படுதா. ஓட்டி வந்தவன் அவள் புருஷன்.

"ஏறு செவ்வந்தி!" என்றான். முகமெல்லாம் பல். "நம்ம வண்டி. பெரிய வீட்டம்மாகிட்ட வாங்கிட்டேன்."

அவள் பார்வை தெருமுனைக்குப் போயிற்று. அங்கே சங்கத்தின் கொடிக்கம்பத்தடியில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் அண்ணன் கண்ணுசாமி நின்றுகொண்டிருந்தான்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கிளைச் செயலாளர் அவன். குரலை உயர்த்திப் பேசமாட்டான். ஆனால் அவன் ஒரு சொல் சொன்னால் தெரு கேட்கும். மெதுவாக நடந்து வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றான்.

"மாப்ள, வண்டிய வெளிய எடு."

"மச்சான், நான்தான் வாங்கியிருக்கேன். இது இனிமே நம்ம..."

"யாரு வண்டின்னு எனக்குத் தெரியும். இதோட டயர்ப் பல்லு என் கால்ல பதிஞ்சிருக்கு."

ரெத்தினம் இறங்கி வந்தான்.

"நெல்லு மூட்டை ஏத்தலாம் மச்சான். நாத்துக்கட்டு ஏத்தலாம். யாருக்காச்சும் முடியலைன்னா நாகைக்குக் கொண்டுபோகலாம். இதப் பார்த்து வாய்க்கால்ல எறங்கி நின்ன ஜனம், இனிமே இதுல ஏறி உக்காரட்டுமே."

கூட்டத்தில் இரண்டு மூன்று இளவட்டங்கள் தலையாட்டினார்கள். கண்ணுசாமி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ என் தங்கச்சி புருஷன். உன்னைப் போன்னு நான் சொல்லமாட்டேன். வண்டி தெருவுக்குள்ள நின்னா நான் வெளிய போயிடுறேன். அவ்வளவுதான்."

ரெத்தினம் கோபப்படுவான் என்று செவ்வந்தி எதிர்பார்த்தாள். ரோஷக்காரன்தான். ஆனால் அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஏறி உட்கார்ந்து, வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய், ஊருக்கு வெளியே வாய்க்கால் கரைப் பூவரச மரத்தடியில் நிறுத்தினான். கியர் இரண்டு தடவை விழாமல் அவன் தடுமாறியதை அவள் பார்த்தாள். அவமானம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முந்தைய தை மாதம் யாருக்கு மறக்கும்? கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். ஆட்சி மாறிவிட்டது, சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பஞ்சநதமோ வெளியூர் ஆட்களை வைத்து அறுத்தே தீருவேன் என்று நின்றார். விடிவதற்கு முன்னால், பனிக்குள், முன்னே ஜீப்பும் பின்னே லாரியுமாக வந்தார்கள். மதகுப் பாலத்தில் இவர்கள் மறித்தார்கள். கண்ணுசாமி குறுக்கே படுத்தான். விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூச, வண்டி நின்றது, மறுபடி நகர்ந்தது. வலது பாதம் நசுங்கிப்போயிற்று.

ஓட்டியது யார் என்று ஒருவருக்கும் சந்தேகமில்லை. வைரக்கண்ணு. இந்தத் தெருவில் பிறந்து, பெரிய வீட்டில் டிரைவரான ஆள். 'நான் ஓட்டலை' என்று அவன் கத்தியது எவர் காதிலும் ஏறவில்லை. சாட்சி போதாமல் கேஸ் தள்ளுபடியானது. தெரு தள்ளுபடி செய்யவில்லை. அவனோடு பேச்சை நிறுத்தியது, தண்ணீரை நிறுத்தியது. பெண்டாட்டி பிள்ளையோடு பேராவூரணிப் பக்கம் ஏதோ தென்னந்தோப்புக்குப் போய்விட்டான் என்று பின்னால் கேள்விப்பட்டார்கள்.

அந்த ஜீப்பைத்தான் இந்த மனுஷன் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

---

வெயில் ஏறியதும் செவ்வந்தி யாரிடமும் சொல்லாமல் பெரிய வீட்டுக்குக் கிளம்பினாள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காலைப் பிடித்தாவது கேட்பது என்று முடிவு.

மேட்டூரை மூடிவிட்ட மாசி மாதம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அறுத்த தாளடி வயல்களில் உளுந்து பூத்திருந்தது. பழக்கத்தில் கொல்லைப்பக்கமாகவே போனாள். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது. தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தாள்.

"யாரு? செவ்வந்தியா? உள்ள வா" என்றாள் பஞ்சநதத்தின் மனைவி கமலாம்பாள்.

பஞ்சநதம் போன ஐப்பசியில் இறந்துபோனார். மகன் மெட்ராஸில். உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக மிச்சத்தையும் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. கூடம் முழுக்கப் பித்தளைப் பாத்திரங்களைப் பரப்பி, வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்கச் செவ்வந்திக்கு எப்படியோ இருந்தது.

"அம்மா, அந்த வண்டி எங்களுக்கு வேண்டாம்மா. நீங்களே எடுத்துக்கிடுங்க."

"ஏன், ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடுது. அண்ணன் தெருவுக்குள்ள விடமாட்டேங்குது."

கமலாம்பாள் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். "உங்க அண்ணன் மேல தப்பில்லை. நானே அதுல ஏறினதில்லை. பட்டாளத்துக்காரன் ஏலம் விட்டதாம். நாகூர்ல ஜெக்கரியா மரைக்காயர்னு தோல் வியாபாரி எடுத்திருந்தாரு. அம்பத்திரண்டு புயல்ல அவரு கிடங்கு மொத்தமும் சாஞ்சு, குடும்பமே நொடிச்சுப்போயி, இவர் தலையில கட்டினாரு. குடுக்கிறப்ப அந்த மனுஷன் அழுதாராம். இவர் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னாரு. வயலுக்கும் கோர்ட்டுக்கும் போகத்தான் அது. ஒரு நாள் என்னை ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போனதில்லை."

"அதனாலதாம்மா சொல்றேன். திருவாரூர்ல யாருகிட்டயாச்சும்..."

"திருவாரூர்க்காரன் வந்தான். அதிகமாவே கேட்டான். நான்தான் குடுக்கலை. உன் புருஷன் கேட்டா அவனுக்குத்தான் குடுக்கணும்னு இவர் படுக்கையில கிடந்தப்ப சொல்லியிருந்தாரு. 'அந்தப் பட்டறைப் பையன் வாயைத் திறக்காம இருந்தான், கமலா. இல்லேன்னா ஜெயிலுக்கு நான்தான் போயிருக்கணும்'னு."

செவ்வந்திக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு வாயைத் திறக்கணும்?"

கமலாம்பாள் அவளை உற்றுப் பார்த்தாள். முகம் மாறியது.

"உனக்குத் தெரியாதா?"

"என்னதும்மா?"

"ஐயோ, தெரிஞ்சுதான் நீ அவனைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சேனே."

"சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் சாக்குக் கயிற்றை முடிந்தாள், அவிழ்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வைரக்கண்ணு அன்னிக்கு வரலை. ஆள் கூட்டியாரணும்னு இவர் சொன்னதும், எங்க ஜனத்துமேல வண்டிய விடமாட்டேன்னு சாவியை இதோ இந்தப் படியில வச்சுட்டு, சாயங்காலமே மாமனார் ஊருக்கு நடந்து போயிட்டான். கிளச்சு சரிபண்ணி நாகையிலேர்ந்து வண்டிய ஓட்டிக்கிட்டு வந்த பையன் ராத்திரி இங்கதான் படுத்திருந்தான். அவனை எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போனாரு."

"எங்க வீட்டுக்காரரையா?"

"ஆமா."

முற்றத்தில் ஒரு காக்கை எச்சில் இலையை இழுத்துக்கொண்டிருந்தது. செவ்வந்தி அதையே பார்த்தாள்.

"வைரக்கண்ணு மேல பழி விழுந்துச்சே. நீங்க யாரும் சொல்லலையே."

"சொல்லலை" என்றாள் கமலாம்பாள். "என் பேச்சைக் கேக்கலேல்ல, அனுபவிக்கட்டும்னாரு இவரு. நானும் பேசாம இருந்துட்டேன். உக்காரு செவ்வந்தி, கொஞ்சம் மோர் தர்றேன்."

செவ்வந்தி உட்காரவில்லை.

---

பூவரச மரத்தடியில் ரெத்தினம் ஜீப்புக்கடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

"வெளிய வாங்க."

வந்தான். நெற்றியில் கிரீஸ். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் வெளுத்துப்போயிற்று.

"பெரிய வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றாள்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு இந்த ஊரே தெரியாது, செவ்வந்தி. வண்டிய விட்டுட்டு வான்னு பாய் அனுப்பினாரு. விடியக்காலம் பெரியவர் எழுப்பி, எடுடான்னாரு. எதுக்குன்னு கேட்டேன். ஆள் கூட்டியாரன்னாரு. வர்றப்ப மதகுல கூட்டம். நான் நிறுத்திட்டேன். சத்தியமா நிறுத்திட்டேன்."

"அப்புறம்?"

"பக்கத்துல உக்காந்துகிட்டு முதுகுல அடிச்சாரு. எடுடா எடுடான்னு. பின்னால லாரிக்காரன் ஹாரன். கூட்டம் விலகின மாதிரி இருந்துச்சு..."

"அத்தனை பேரு சத்தம் போட்டது உங்க காதுல விழலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"விழுந்துச்சு. பயத்துல விட்டுட்டேன்."

செவ்வந்தி எதிரே கரையில் உட்கார்ந்தாள். நாகை ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில், பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு தினமும் சாயங்காலம் வந்த மெக்கானிக். பட்டறை பக்கத்தில்தான், கேள்விப்பட்டு வந்தேன் என்றான். அண்ணனைத் தூக்கி உட்காரவைப்பான், சட்டை மாற்றிவிடுவான். யார் பெற்ற பிள்ளையோ, இப்படி ஒரு மனசா என்று அம்மா உருகிப்போனாள். அந்த உருக்கத்தில்தான் கல்யாணமே நடந்தது.

"சொல்லிடணும்னுதான் வந்தேன்" என்றான் அவள் நினைப்பைப் படித்தவன்போல. "மொத நாளு வாய் வரலை. அடுத்த நாளு நீ இருந்தே."

"என்னைக் கட்டிக்கிட்டது எதுக்கு?"

அவன் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தான்.

"கேக்குறேன்ல? செஞ்ச பாவத்துக்கா?"

"அதுக்கும்தான். உன்னைப் புடிச்சுப்போனதுக்கும்தான். எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்லமுடியலை."

பொய் சொல்லத் தெரிந்தவன் இப்படிப் பேசமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு நாள் கை ஓங்கினவன் இல்லை. அண்ணனுக்குச் சோறு போட்ட பிறகுதான் தட்டில் கை வைப்பான். ஒவ்வொரு நல்லதும் இப்போது வந்து, நான் எதுக்காகச் செய்யப்பட்டேன் என்று அவளைக் கேட்டது.

"இந்த எழவை எதுக்கு வாங்கினீங்க?"

"வெளியூர்க்காரன் வாங்கினா டீக்கடை டீக்கடையா இதோட கதையைப் பேசுவான். எப்படியும் இங்க வந்து சேந்துடும்னு பயமா இருந்துச்சு."

"அப்ப காலையில தெருவுல சொன்னீங்களே, நம்ம ஜனம் ஏறி உக்காரட்டும்னு?"

"அதுவும் நெசம்தான்."

"வைரக்கண்ணு?" என்றாள். "அவரும் அவரு பொண்டாட்டியும் என்ன பாடு பட்டாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தூங்கினீங்க?"

அவன் கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தொட்டுச் சமாதானம் சொல்ல ஒரு கை எழுந்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

---

கைத்தடிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள்.

கண்ணுசாமி கரைமேல் வந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கூட்டங்களுக்குப் போடும் சட்டை. ஜீப்பருகே வந்து, அதன் மூக்கில் கை வைத்துப் பார்த்தான். சூடான அடுப்பைத் தொடுவதுபோல முதலில் விரலை எடுத்துக்கொண்டு, பிறகு உள்ளங்கையை முழுதாக வைத்தான்.

"தெரு முன்னால உன்னைக் கேவலப்படுத்திட்டேன், மாப்ள."

ரெத்தினம் எழுந்து நின்றான்.

"பகல் முழுக்க யோசிச்சேன். வண்டி என்ன செய்யும்? வெறும் இரும்பு. ஓட்டினவன்ல செஞ்சான். ஆஸ்பத்திரியில என்னைக் கொழந்த மாதிரி தூக்கினவன் நீ. நீ வாங்கின வண்டியில நான் ஏறாம வேற எவன் ஏறுவான்? வா, ரோடு வரைக்கும் ஓட்டு. தெரு பார்க்கட்டும்."

சொல்லிவிட்டு வலப்பக்கமாகப் போய், கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறி உட்கார்ந்தான். ஊனக்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டான். பஞ்சநதம் உட்காரும் இடம் அது.

இறங்குண்ணே என்று சொல்ல வாய் எடுத்தாள் செவ்வந்தி. சொல்லவில்லை. பதிலாக, இடப்பக்கம் போய்ப் புருஷனின் காதருகே குனிந்தாள்.

"அண்ணன் எறங்குறதுக்குள்ள சொல்லிடுங்க. நீங்க சொல்லலைன்னா வீட்டுக்கு வந்ததும் நான் சொல்லிடுவேன்."

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. வயலில் உளுந்துக்குக் களை எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கையைக்கூட ஆட்டினாள். கண்ணுசாமி பதிலுக்குக் கையை உயர்த்தியதைச் செவ்வந்தி பார்த்தாள்.

கரை வளைகிற இடத்தில் வண்டியின் சத்தம் நின்றது.

அவள் காத்திருந்தாள். இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று குனிந்தது. மற்றது அசையவில்லை. பிறகு வலப்பக்கத்திலிருந்து கைத்தடி வெளியே வந்தது, அப்புறம் வெள்ளைச் சட்டை. இறங்கிய கண்ணுசாமி தெருப்பக்கம் திரும்பவில்லை. ரோட்டைப் பார்த்து நடந்தான்.

செவ்வந்தி ஓடினாள். ஜீப்பைத் தாண்டும்போது "செவ்வந்தி" என்று கூப்பிட்ட குரலுக்கு நிற்காமல் ஓடினாள். ரோட்டருகேதான் அண்ணனை எட்டிப் பிடிக்க முடிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான், நடையை நிறுத்தாமல்.

"இன்னிக்குத்தான்ணே."

"இன்னிக்கு எப்ப?"

"மத்தியானம்."

அவன் நின்றான். "தெரிஞ்சுமா என்னை அதுல ஏறவிட்டே?"

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"வைரக்கண்ணு பொண்டாட்டி கைக்கொழந்தையோட அடிபம்புல வந்து நின்னா. நான் கொடிக்கம்பத்துகிட்ட உக்காந்திருந்தேன். அவ குடத்தை எடுத்து வெளிய வைங்கடான்னு சொன்னவன் நான்தான். என் வாயால சொன்னேன், செவ்வந்தி. அவ என்னை ஒரு பார்வை பார்த்தா."

"அண்ணே..."

"திருவாரூர் பஸ் போயிருச்சா? அங்க போனா பேராவூரணிக்கு வண்டி இருக்கும்."

"இருட்டப்போகுது. காலையில போவோம்ணே."

"நாலு வருஷம் இருட்டினது போதும்."

பின்னால் என்ஜின் உயிர்பெற்றது. ஒற்றை விளக்கு எரிய, ஜீப் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. ரெத்தினம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பஸ் போயிருச்சு மச்சான். நான் கொண்டு விடுறேன். வைரக்கண்ணு இருக்கிற தோப்பு எதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். இந்தத் தடவை உள்ள வர்றேன்."

செவ்வந்தி அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுசாமி அந்த வலப்பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு, கைத்தடியை ரோட்டில் ஊன்றி நின்றான். ஏறவும் இல்லை, நடக்கவும் இல்லை.